கிடாரத்தின் முன் நிற்பவர்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் வீதி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடையை அடைகின்றது. மாரி காலத்தில் வெள்ளம் பெருகித் தாம்போதியின் மேலாகப் பாயும்போது, கரையோர ஊர்களுக்கும் வயற்புறத்து ஊர்களுக்கும் இடையே போக்குவரத்துத் தடைப்படுவதுண்டு. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல். 1949ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கல்லோயாத் திட்டம் இந்நிலப்பரப்பின் நீர்வளத்தைப் பெருக்கிற்று. எனினும் அதற்குப் பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே மட்டக்களப்பு நாட்டுத் தென்புறம் நெல்லுக்குப் பேர்பெற்றிருந்தது. கரையிலே மீன், வயலிலே நெல், மேய்ச்சல் நிலத்திலே எருமையும் பசுவும். இத்தகைய நாட்டிலே விருந்தோம்பல் ஒரு பழக்கமாக மட்டும் நில்லாமல் ஒரு பெருந்தொழிலாகவும் வளர்ந்ததில் வியப்பில்லை.

விருந்து என்றவுடன் விருந்தளித்தவர் பெயர் நினைவுக்கு வருகின்றது. உண்டவர் எத்தனை பேர் என்பதும் பேசப்படுகின்றது. ஆனால் இரவு முழுவதும் கண்விழித்து, புகையிலும் அனலிலும் நின்று, குறித்த வேளைக்குக் குறித்த தொகையினருக்கு உணவைப் பக்குவமாக இறக்கிவைத்தவர் யார் என்று கேட்பவர் அரியர். கல்வெட்டுக்களும் நாளேடுகளும் அரசரையும் கொடையாளரையும் புகழ்கின்றன. அடுப்பின் முன் நின்றவரைப் பற்றி அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. சமையலைத் தொழிலாகக் கொண்டோர் தாங்கிய சுமை எத்தன்மையது? அது எங்கிருந்து வந்தது? அச்சுமையைக் குறைக்க மனிதர் என்ன வழி கண்டனர்? இவை வரலாறு விடைகூற வேண்டிய வினாக்கள்.

நம்முடைய பழைய இலக்கியங்கள் இத்தொழிலை அறியாதவை அல்ல. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனின் விருந்து, வீமன் இயற்றியதாகக் கூறப்படும் சமையல் நூலின் நெறி தவறாது ஆக்கப்பட்டது என்ற செய்தி வருகின்றது. சமையலுக்கு நூலும் நெறியும் உண்டு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் அத்துணைப் பழமையானது. நளபாகம், வீமபாகம் என்னும் வழக்குகள் இன்றும் நம் நாவில் உள்ளன. இவ்விரு பெயர்களிலும் ஓர் ஆழ்ந்த கருத்து மறைந்து கிடக்கின்றது. வீமன் அரசகுமாரன், அவன் தன்னை மறைத்துக்கொண்டு ஓராண்டு வாழ வேண்டியிருந்தபோது தேர்ந்துகொண்ட இடம் விராடனின் மடைப்பள்ளி. நளனும் அரசன், உருமாறி வாழ்ந்த அவனைத் தமயந்தி அடையாளங்கண்ட வழிகளுள் ஒன்று, அவன் சமைத்த உணவின் சுவை. சமையற்காரனின் முகத்தை எவரும் உற்றுநோக்குவதில்லை; ஆகவே ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் மடைப்பள்ளி. ஆயினும் அவன் கைப்பக்குவம் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். முகம் அறியப்படாமை, கை மட்டும் அளக்கப்படுதல் ஆகிய இந்த இரட்டை நிலையே இத்தொழிலின் நெடுங்கால விதியாக இருந்துவந்துள்ளது.

இலங்கையில் இத்தொழில் பிறநாட்டார் சொற்களையும் ஏற்றுக்கொண்டது. சமையலறையைக் குறிக்கும் குசினி என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. சமையற்காரரைக் குறிக்க வழங்கிய கோக்கி என்னும் சொல் ஒல்லாந்தர் காலத்தது. ஆட்சி மாறியபோதெல்லாம் அடுப்பங்கரையில் நின்றவருக்குப் புதுப்பெயர் கிடைத்தது. புதிய வாழ்வு கிடைத்தது என்று சொல்வதற்கில்லை.

பேரரசுகளின் சமையற்கூடங்களைப் பார்த்தால் இச்சுமையின் இயல்பு தெளிவாகும். அக்பர் பாதுஷாவின் அவை எழுத்தாளரான அபுல் பஸல், அயினி அக்பரி என்னும் தமது நூலில் அரண்மனைச் சமையற்கூடத்துக்கெனத் தனிப்பகுதி ஒன்று ஒதுக்கியுள்ளார். பாதுஷா நாளொன்றுக்கு ஒரு முறையே உண்பவர். ஆனால் உண்ணும் வேளை இன்னதென்று வரையறை இல்லை. கட்டளை பிறந்த ஒரு மணி நேரத்துள் நூறு வகை உணவுகள் பரிமாறப்படும் அளவுக்கு யாவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எப்பொழுது அழைப்பு வரும் என்று அறியாமலே இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் ஒரு கூடத்தை எண்ணிப் பார்க்கலாம். அதனோடு நஞ்சு பற்றிய அச்சமும் சேர்ந்தது. சமைத்தவர் முதலில் சுவைத்துக் காட்டுவார். மேற்பார்வையாளர் பின்னர் சுவைப்பார். பொன் வெள்ளிப் பாத்திரங்கள் செந்துணியிலும், செம்பு பீங்கான் பாத்திரங்கள் வெண்டுணியிலும் கட்டப்பட்டு, முத்திரையிடப்பட்டு, காவலுடன் செல்லும். உணவின் ஒவ்வொரு கவளத்திலும் சமைத்தவரின் தலை பணயமாக வைக்கப்பட்டிருந்தது என்பதே அம்முத்திரையின் பொருள்.

துருக்கியில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காண்கின்றோம். உதுமானியப் பேரரசின் ஜானிசாரிப் படையினருக்குக் கிடாரமே கொடியைப் போல் மதிப்புடையது. படைப்பிரிவின் தலைவனுக்கு வழங்கிய சொர்பாஜி என்னும் பட்டத்தின் பொருள் கஞ்சி காய்ச்சுபவன் என்பதாம். படையினர் அரசன்மீது சினங்கொண்டால் தமது கிடாரத்தைக் கவிழ்த்துவிடுவர். கவிழ்ந்த கிடாரம் கலகத்தின் அடையாளம். 1826ஆம் ஆண்டில் அப்படை ஒழிக்கப்படும் வரை இவ்வழக்கம் நிலவிற்று. இஸ்தான்புல் அரண்மனையின் சமையற்கூடங்கள் 1574ஆம் ஆண்டு தீக்கிரையானபோது, அவற்றை மீளக் கட்டும் பொறுப்பு பெரும் பள்ளிவாசல்களை எழுப்பிய கட்டடச் சிற்பி சினானிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் எழுப்பிய புகைபோக்கிகளின் வரிசை இன்றும் அந்நகரின் வான்விளிம்பில் தெரிகின்றது. சமைப்பவர் மூச்சுவிட வேண்டும் என்பதும் கட்டடக் கலையின் ஒரு கவலை என்பதை அவை சொல்லாமற் சொல்கின்றன.

ஆனால் ஐரோப்பிய வரலாற்றில் இத்தொழிலின் பாரத்தை ஒரே இரவில் உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1671ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம். பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்கு வடக்கேயுள்ள சாந்தில்லி மாளிகையில் கொந்தே இளவரசர், பதினான்காம் லூயி மன்னருக்கு விருந்தளித்தார். விருந்து முழுவதையும் நடத்தும் பொறுப்பு வாத்தேல் என்பவரிடம் இருந்தது. அவர் நேரே அடுப்பில் நின்றவர் அல்லர். சமையற்கூடம், கொள்வனவு, பரிமாறல், கேளிக்கை ஆகிய அனைத்துக்கும் மேலாளர். பன்னிரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை. வியாழக்கிழமை இரவு, எதிர்பாராத விருந்தினர் வந்தமையால், சில மேசைகளுக்கு வறுத்த இறைச்சி போதாமற் போயிற்று. மன்னரின் மேசைக்கு ஒரு குறையும் இல்லை. இளவரசரே வாத்தேலின் அறைக்குச் சென்று, விருந்து மிகச் சிறப்பாக நடந்தது என்று ஆறுதல் கூறினார். அவர் மனம் ஆறவில்லை. அன்றிரவு வாணவேடிக்கையும் மேகமூட்டத்தால் மங்கிப் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை; இறைச்சி விலக்கப்பட்ட நாள். மீன் வேண்டும். கடலோ தொலைவில். வாத்தேல் பல துறைமுகங்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சேர்ந்தவை இரண்டு சுமைகள் மட்டுமே. இவ்வளவுதானா என்று அவர் கேட்க, ஆம் என்றான் சுமை கொணர்ந்தவன்; பிற துறைமுகங்களுக்கும் ஆள் போயிருப்பதை அவன் அறியான். சிறிது நேரம் காத்திருந்த வாத்தேல், வேறு மீன் வராது என முடிவு செய்து, தம் அறைக்குச் சென்று வாளால் உயிர்மாய்த்துக்கொண்டார். அவர் உயிர் பிரிந்த வேளையில் நாலா பக்கத்திலிருந்தும் மீன் வந்து குவிந்தது. விருந்து நின்றுவிடவில்லை. மன்னர் உண்டார், உலாவினார், வேட்டைக்கும் சென்றார். இச்செய்தியைச் செவிஞே சீமாட்டி தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள் வாயிலாகவே உலகம் அறிந்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் வாத்தேலின் மானவுணர்ச்சியை வியப்பதுண்டு; பேதைமை என இகழ்வதும் உண்டு. வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டியது வேறு. இளவரசர் அவர்மீது குற்றம் காணவில்லை, மன்னரும் காணவில்லை. தண்டனை தந்தவர் அவரே. ஆயிரம் கைகள் சேர்ந்து செய்யும் வேலையின் வெற்றி தோல்வி முழுவதையும் ஒரே தோளில் ஏற்றி வைக்கும் முறையே அங்கு குற்றவாளி. ஒரு வண்டி மீன் தாமதித்தது என்ற செய்தியை அவரோடு சேர்ந்து தாங்க அந்த மாளிகையில் ஒருவரும் இருக்கவில்லை. உறக்கமிழந்த உள்ளத்துக்கு, தாமதம் என்பது இல்லாமையாகத் தோன்றிவிட்டது.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரத்துத் தெருவில் கைவிடப்பட்ட ஓர் ஏழைச் சிறுவன், ஓர் உணவுக்கடையில் ஏவல் வேலை செய்து வளர்ந்தான். அவனே பிற்காலத்தில் தலேரான் பிரபுவுக்கும், இங்கிலாந்தின் ஆட்சிப் பிரதிநிதியான இளவரசருக்கும், உருசியப் பேரரசர் அலெக்சாந்தருக்கும், உரோத்சைல்டு குடும்பத்தாருக்கும் சமைத்த அந்தோனின் கரேம். சமையலை ஒரு கலையாகவும் நூல்வழி அறிவாகவும் உயர்த்தியவர் அவர். அவர் தமது எழுத்தில் பெருவிருந்து நாளின் சமையற்கூடத்தை வருணித்திருக்கின்றார்: இருபது பேர் அனலிடையே ஓடியாடுவர், மேலாளர் குரல் தவிர வேறு குரல் எழாது, உணவு ஆறிவிடலாகாது என்பதற்காகப் பரிமாறும் வேளையில் கதவுகளும் சன்னல்களும் அரைமணி நேரம் அடைக்கப்படும். அடுப்புக்கரியின் நச்சுப்புகை தம் போன்றோரின் ஆயுளைத் தின்கின்றது என்பதை அவர் அறிந்திருந்தார், அறிந்தே எழுதினார். 1833ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிரம்புமுன் அவர் மறைந்தார். பல்லாண்டு உட்கொண்ட கரிப்புகையே அவர் உடலைக் கெடுத்தது என்று கருதுவோர் பலர். உண்பவரின் தட்டில் சூடு குறையாதிருக்கச் சமைப்பவரின் மூச்சு அடைக்கப்பட்டது.

இந்நிலையை மாற்ற முயன்றவருள் தலையாயவர் ஓகுஸ்து எஸ்கோபியே. 1846ஆம் ஆண்டு பிறந்த அவர், பதின்மூன்றாம் வயதில் நீசு நகரிலிருந்த தம் சிறிய தந்தையாரின் உணவகத்தில் தொழில் பயிலத் தொடங்கினார். அக்காலத்துச் சமையற்கூடங்களில் வசையும் அடியும் குடியும் மலிந்திருந்தன. 1870ஆம் ஆண்டுப் போரில் படையினருக்குச் சமைத்த அனுபவம் அவருக்கு ஒழுங்கின் பயனைக் கற்பித்தது. 1890ஆம் ஆண்டில் இலண்டன் சவோய் ஹோட்டலின் சமையற்கூடத்தை ஏற்றபோது அவர் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மாப்பண்டத்துக்கு ஒருவர் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைவர். ஓர் உணவை ஒருவரே முதலிலிருந்து கடைசிவரை ஆக்குவதற்குப் பதில், பல கைகள் ஒரே வேளையில் அதன் கூறுகளை ஆக்கி ஒன்று சேர்த்தன. கட்டளைகளைக் கூவி அறிவிப்பவர் மென்மையாகவே அறிவிக்க வேண்டும் என்றார். அனலில் நிற்போர் மதுவை நாடாதிருக்க, மருத்துவர் ஒருவரின் ஆலோசனையோடு வாற்கோதுமைப் பானம் ஒன்றை ஆக்கி வைத்தார். இன்று உலகெங்கும் உள்ள பெரிய ஹோட்டல்களின் சமையற்கூடங்கள் அவர் வகுத்த வழியிலேயே இயங்குகின்றன. அவர் கண்ட உண்மை எளியது: சுமையைப் பங்கிட்டால் விரைவும் கூடும், சுமப்பவரும் பிழைப்பர்.

ஆயினும் சுமை தீர்ந்துவிடவில்லை, உருமாறிற்று. மன்னரின் இடத்தில் மதிப்பீட்டு ஏடுகள் வந்து அமர்ந்தன. மிசெலின் நிறுவனம் 1926ஆம் ஆண்டிலிருந்து உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கத் தொடங்கிற்று. 2003ஆம் ஆண்டு பெப்ருவரியில், பிரான்சின் புகழ்மிக்க சமையற் கலைஞரான பெர்னார் லுவாசோ தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வேறொரு மதிப்பீட்டு ஏடு அவருடைய உணவகத்துக்கு அளித்திருந்த இருபதுக்குப் பத்தொன்பது என்ற மதிப்பெண்ணை அவ்வாண்டு பதினேழாகக் குறைத்திருந்தது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பது முறையன்று. அவருக்கு மனச்சோர்வு நோயும் இருந்தது, கடன் சுமையும் இருந்தது. எனினும் வாத்தேலுக்கும் அவருக்கும் இடையே மூன்று நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தும், தம் உயிரின் மதிப்பைப் பிறர் தட்டில் வைத்து நிறுக்கும் பழக்கம் கழியவில்லை என்பதை மறுக்க இயலாது.

இனி நம்முடைய கரைக்குத் திரும்பலாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் நாலாயிரம் பேரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்பு நாட்டில் குடியேற்றினான் என்பது வரலாறு. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். வணிகத்தோடு நெற்பயிர்ச் செய்கையும் இவர்களது வாழ்வாயிற்று. அறுவடைக் காலத்தில் வயல்வாடியில் வேலையாட்களுக்கு உணவாக்குபவர், கலியாண வீட்டிலே நெய்ச்சோறு ஆக்குபவர், பள்ளிவாசற் கந்தூரிக்குக் கிடாரம் ஏற்றுபவர் என, பெருந்தொகையினருக்குச் சமைக்கும் ஆற்றல் ஊருக்கு ஊர் தேவைப்பட்டது. இவ்வாற்றல் நூலில் எழுதப்பட்டதன்று; கையிலிருந்து கைக்கு வந்தது.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியாரின் பெயரால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நினைவிடங்கள் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர் கடல் கடந்து சென்ற வழியெல்லாம் அவர் நினைவும் சென்றது. கல்முனைக்குடியில் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழ்ந்து, நிறைவு நாளில் கந்தூரி அளிக்கப்படும். கொடியேற்றத்தைக் காணப் பல்லாயிரவர் திரள்வர். அவர்கள் கண்கள் கொடிமரத்தின் உச்சியில் நிலைக்கும். அப்பொழுது பின்புறத்தே சிலருடைய கண்கள் கிடாரத்தின் அடியிலிருக்கும் தணலில் நிலைத்திருக்கும்.

கந்தூரிச் சமையற்காரரின் கணக்கு மனக்கணக்கு. கிழக்குக் கரையில் பெருவிருந்தை அளப்பது ஆட்கணக்கால் அன்று; சஹன் கணக்கால். ஒரு சஹனைச் சுற்றிப் பெரும்பாலும் ஆறு பேர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பர். நூறு சஹன் என்றால் அறுநூறு பேர். அறுநூறு பேருக்கு அரிசி எவ்வளவு, இறைச்சி எவ்வளவு, தேங்காய் எத்தனை, விறகு எவ்வளவு என்பதை அவர் எழுதிப் பார்ப்பதில்லை. கேட்ட மாத்திரத்திலேயே சொல்லிவிடுவார். புதுநெல்லரிசி குறைந்த நீரையும் பழைய அரிசி மிகுந்த நீரையும் வேண்டும். ஆகவே அரிசியைக் கையில் அள்ளி, நகத்தால் கிள்ளிப் பார்த்தே நீரின் அளவை முடிவு செய்வார். வீட்டுப் பானையில் நீர் கூடினால் வடித்துவிடலாம். கிடாரத்தில் அது இயலாது. ஒரு முறை பிழைத்தால் அந்தக் கிடாரத்துச் சோறு முழுவதும் பிழைத்ததுதான். மீண்டும் ஆக்க அரிசியும் இல்லை, நேரமும் இல்லை. இத்தொழிலின் அழுத்தம் பிறப்பது இந்த இடத்தில்தான். எழுத்தாளன் தவறினால் அழித்தெழுதலாம். தச்சன் தவறினால் வேறு பலகை எடுக்கலாம். அடுப்பேறிய அரிசியை எவரும் மீட்டெடுக்க முடியாது.

இரவு இறைச்சி துண்டாடப்படும், வெங்காயம் உரிக்கப்படும், தேங்காய் துருவப்படும், ஏலம், கறுவா, கராம்பு அளந்து வைக்கப்படும். நள்ளிரவுக்குப் பின் அடுப்பு மூட்டப்படும். விறகு காய்ந்திருக்க வேண்டும். மாரி காலமாயின் அதுவே ஒரு போராட்டம். கடற்காற்று திசைமாறினால் தீ ஒருபுறம் சாயும். கிடாரத்தின் ஒருபக்கம் தீய்ந்து மறுபக்கம் வேகாமற் போகும். அதனால் மறைப்புக் கட்டிக் காற்றைத் தடுப்பர். நீர் கொதிக்கும் ஓசை மாறுவதைக் காதால் அறிந்து அரிசியைச் சொரிவர். பதம் வந்தவுடன் விறகை இழுத்துவிட்டு, மூடியின்மேல் தணலைப் பரப்பி, ஆவி வெளியேறாதபடி தம் போடுவர். அதன்பின் மூடியைத் திறந்து பார்த்தல் கூடாது. அந்த அரைமணி நேரமே சமையற்காரரின் சோதனைக் காலம். உள்ளே நடப்பதைக் காண வழியில்லை. வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும். மணத்தை நம்பியும், பழக்கத்தை நம்பியும் அவர் காத்திருப்பார். பின்னர் வளையங்களில் மூங்கிலைக் கோத்து நால்வர் கிடாரத்தை இறக்குவர். ஒருவர் கால் வழுக்கினும் கொதிக்கும் சோறு உடல்மீது சரியும்.

இதனினும் நுட்பமான சோதனை நோன்பு மாதத்தில் வருகின்றது. பள்ளிவாசல்களில் நாள்தோறும் பிற்பகலில் கஞ்சி காய்ச்சப்படும். அதைக் காய்ச்சுபவரும் நோன்பாளியே. வைகறைக்கு முன் உண்டு, பகல் முழுவதும் நீரும் அருந்தாமல், பிற்பகல் அனலில் நிற்கின்றார். உப்புச் சரியா என்று விழுங்கிப் பார்க்க முடியாது. நாவின் நுனியில் வைத்து உமிழ்ந்துவிட மார்க்கத்தில் இடமுண்டெனினும், அதனையும் தவிர்த்துக் கண்ணாலும் மூக்காலுமே அளப்பவர் உளர். நேரமோ தவறக்கூடாதது. அக்பரின் கட்டளைக்கு ஒரு மணி நேரத் தவணை இருந்தது. சூரியன் மறைவதற்குத் தவணை இல்லை. பாங்கொலி எழும்போது ஊரார் கையில் கஞ்சிக் கோப்பை இருக்க வேண்டும். முப்பது நாளும் அந்தக் கணக்குத் தவறாமல் நடக்கின்றது. இதனை எவரும் வீரம் என்று எழுதி வைத்ததில்லை.

இங்கு ஓர் ஒப்புமை எண்ணத் தக்கது. சாந்தில்லியில் எல்லாப் பொறுப்பும் ஒரு தோளில் கிடந்தது. கந்தூரியில் அவ்வாறன்று. விறகைத் தருபவர் ஒருவர். அரிசியைத் தருபவர் பலர். வெங்காயம் உரிக்க அயலவர் வருவர். கிடாரம் இறக்க இளைஞர் தோள் கொடுப்பர். எஸ்கோபியே ஹோட்டலில் வகுத்துக் கொடுத்த தொழிற்பங்கீட்டை, ஊர்ப்பொதுமை தானாகவே இங்கு வகுத்துக்கொண்டது. உப்புச் சிறிது கூடினால் மறுநாள் சிரித்துப் பேசுவர். குறை ஊருக்குப் பொது என்பதால் அது ஒருவர் உயிரை நெரிப்பதில்லை.

ஆனால் இதைக் கொண்டு நம்முடைய வழக்கத்தில் குறையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. புகை கண்ணைக் கெடுப்பதும், அனல் உடலை வாட்டுவதும், கனத்த கிடாரம் இடுப்பை முறிப்பதும் கந்தூரிக்கும் ஹோட்டலுக்கும் ஒன்றே. முதுமையில் இத்தொழிலாளருக்கு ஓய்வூதியம் இல்லை. தீப்புண் பட்டால் அது விதி என்று சொல்லப்படும். விருந்து முடிந்தபின் அடிச்சோற்றை உண்பவராக அவர் கடைசியில் அமர்வார். மேலும் வீட்டில் நாள்தோறும் மூன்று வேளை சமைக்கும் பெண்களின் உழைப்பு தொழில் என்றே எண்ணப்படுவதில்லை. ஆடவர் வெளியில் செய்தால் கூலி, பெண்டிர் உள்ளே செய்தால் கடமை. பாராட்டாத பழக்கம் அடுப்பங்கரையில் தொடங்கியே ஊர் முழுவதும் பரவியிருக்கின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்முனைக் கரையின் வீடுகள் வரிசை வரிசையாகத் தரைமட்டமாயின. உயிர்தப்பியோர் மேற்கு நோக்கி ஓடினர். பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அடைக்கல இல்லங்களாயின. கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் ஏறிய கிடாரங்கள் அன்று துயருற்றோருக்காக அடுப்பேறின. சஹன் கணக்கு அறிந்த கைகள்தாம் அந்நாட்களில் ஊரைத் தாங்கின. எத்தனை பேர் வருவர் என்று தெரியாது. பொருள் எவ்வளவு வரும் என்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வேளையும் சோறு வேண்டும். தம் உறவினரையே இழந்தவரும் அகப்பையைக் கீழே வைக்க இயலாத வேளை அது. அரச விருந்தின் அழுத்தத்தைக் காட்டிலும் அது பெரிது. விருந்தில் குறைந்தால் மானம் போகும்; அன்று குறைந்திருந்தால் குழந்தைகள் பசித்திருக்கும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து கிழக்குக் கரையின் ஆடவரும் பெண்டிரும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றுவருகின்றனர். அவர்களுள் சிலர் உணவகங்களிலும் முகாம்களிலும் சமையற் பணி ஏற்றனர். வெளியே பாலை வெயில், உள்ளே அடுப்பனல். ஊரில் நூறு சஹனுக்குச் சமைக்கையில் அருகே நின்ற அயலவர் அங்கில்லை. அங்கு நேரத்தை அளப்பது பாங்கொலியோடு மேலாளரின் கடிகாரமும் ஆகும். பொருள் அனுப்பினர், வீடுகள் எழுந்தன, அப்பொருளின்மீது படிந்த வியர்வையைக் கண்டவர் குறைவு.

வரலாறு இவ்விடயத்தில் மூன்று பாடங்களைத் தருகின்றது. சமையற்காரரின் சுமை நெருப்பினால் மட்டும் உண்டாவதன்று. மீட்க முடியாத பொருள், தள்ளிப்போட முடியாத நேரம், பொறுக்க மாட்டாத கூட்டம் ஆகிய மூன்றும் ஒரு புள்ளியில் கூடுவதால் உண்டாவது என்பது முதலாவது. அச்சுமையைத் தனியொருவர் தோளில் ஏற்றிய இடங்களில் உயிர்கள் மாய்ந்தன, பலர் தோளில் பகிர்ந்த இடங்களில் தொழில் தழைத்தது என்பது இரண்டாவது. புகைபோக்கி, ஒழுங்கு, ஓய்வு, மருத்துவம், முதுமைக் காப்பு ஆகியவை சலுகைகள் அல்ல, உண்பவர் உண்டதற்குச் செலுத்த வேண்டிய கடன் என்பது மூன்றாவது.

சவளக்கடை வயல்களில் நெல் விளையும் வரை கிடாரங்கள் அடுப்பேறும். தம் போட்ட மூடியின்மீது தணலைப் பரப்பி, கண்களைக் கசக்கிக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். சஹனைச் சுற்றி அமரும் ஆறு பேரும் முதற்கவளத்துக்கு முன், இதை ஆக்கியவர் உண்டாரா என்று ஒரு வார்த்தை கேட்பார்களாயின், அது கல்வெட்டில் பொறிக்கப்படாத ஒரு நல்ல வழக்கமாக இந்நாட்டில் நிலைபெறும்.